பாய்மரக் கப்பலில் பயிற்சிப் பயணம்: முதன்முறை ஏறுபவருக்கு

பாய்மரக் கப்பலில் போய் வந்தேன் என்று சொன்னால் கேட்பவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் உயரத்தைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். உச்சிக்கு ஏற வேண்டுமாமே, பயமாக இல்லையா என்கிறார்கள். ஏறலாம், ஏறாமலும் இருக்கலாம். பொதுமக்களை ஏற்றும் பயிற்சிக் கப்பல்களில் விருப்பமில்லாதவரை மேலே ஏறச் சொல்லிக் கட்டாயப்படுத்துவதில்லை. புதியவரை உண்மையில் படுத்தி எடுப்பவை வேறு இரண்டு. ஒன்று, நள்ளிரவில் தோளைத் தட்டி எழுப்பும் காவல் முறை, அதாவது குழு குழுவாக முறைவைத்துப் பார்க்கும் வேலை. மற்றொன்று, ஒன்றுபோலவே தொங்கிக்கொண்டிருக்கும் நூற்றுக்கும் மேற்பட்ட கயிறுகள். அதனால் இந்தக் கட்டுரையிலும் தூக்கத்துக்கும் கயிற்றுக்கும்தான் இடம் அதிகம்.

இந்தக் கப்பல்கள் ஏன் இன்னும் ஓடுகின்றன என்பதைத் தெரிந்துகொண்டு ஏறினால், அங்கே நம்மை ஏன் வேலை வாங்குகிறார்கள் என்பது புரியும். நீராவிக் கப்பல்கள் வந்த பிறகும், பாயில் பழகாதவன் கடலோடியே அல்ல என்று பல நாடுகள் நம்பின. மாலுமிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டே சரக்கும் சுமந்த கப்பல்கள் இருந்தன. சரக்கோடு தென் அமெரிக்காவின் தென்கோடியிலுள்ள ஹார்ன் முனையைச் சுற்றிவந்த கடைசிப் பாய்மரக் கப்பல் ஜெர்மனியில் கட்டப்பட்ட ‘பாமிர்’, ஆண்டு 1949. அதற்குள் அந்தக் காலம் முடிந்துவிட்டதென்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. மிஞ்சிய கப்பல்களை ஒருமுறை சேர்த்து ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று லண்டன் வழக்கறிஞர் பெர்னார்ட் மோர்கன் யோசனை சொல்ல, 1956இல் இங்கிலாந்தின் டோர்பேயிலிருந்து லிஸ்பனுக்கு 20 கப்பல்கள் போட்டி போட்டன. வழியனுப்பு விழாவாக நினைத்தது அது. ஆனால் இன்றும் ஏறக்குறைய ஒவ்வொரு கோடையிலும் ஐரோப்பாவில் ‘டால் ஷிப்ஸ் ரேசஸ்’ நடக்கிறது. கலந்துகொள்ளும் ஒவ்வொரு கப்பலிலும் குழுவில் பாதிப் பேராவது 15 முதல் 25 வயதுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. அனுபவம் இல்லாதவர்களால்தான் இந்தக் கப்பல்கள் ஓட வேண்டும் என்பதே ஏற்பாடு. ஆகவே, டிக்கெட் வாங்கியிருந்தாலும் நீங்கள் அங்கே பயணி அல்ல.

முதல் வேலை: கப்பலைத் தேர்ந்தெடுப்பது

படத்தில் பார்த்து மயங்கும் பெரிய பாய்மரக் கப்பல்களில் பல, கடற்படைகளுக்குச் சொந்தமானவை. இத்தாலியின் ‘அமெரிகோ வெஸ்பூச்சி’, ஸ்பெயினின் ‘ஹுவான் செபாஸ்தியான் தெ எல்கானோ’, ஜெர்மனியின் ‘கோர்ஷ் ஃபோக்’ எல்லாம் அந்த வகை. கொச்சியில் நிற்கும் நம் ‘ஐ.என்.எஸ். தரங்கிணி’யும் (1997) ‘சுதர்ஷினி’யும் (2012) அப்படியே. இவற்றில் பணம் கட்டி இடம் பிடிக்க முடியாது. துறைமுகத்துக்கு வரும்போது பொதுமக்கள் பார்க்கச் சில நாட்கள் திறந்துவிடுவதுண்டு. அந்த வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள்; தளத்தில் பத்து நிமிடம் நின்றாலே அளவு பிடிபட்டுவிடும்.

பணம் கட்டி, வேலை செய்துகொண்டு போகக்கூடிய கப்பல்கள் நார்வேயில் நன்றாக நடக்கின்றன. பெர்கனின் ‘ஸ்டாட்ஸ்ராட் லெம்குல்’, ஓஸ்லோவின் ‘கிறிஸ்தியன் ராடிக்’, கிறிஸ்தியான்சாண்டின் ‘சோர்லாண்டெட்’ மூன்றும் பெயர் பெற்றவை. லெம்குல் 1914இல் ஜெர்மனியில் கட்டப்பட்டது. நீளம் 98 மீட்டர், 22 பாய்கள். முதல் உலகப் போருக்குப் பின் பிரிட்டனின் கைக்குப் போய், 1921இல் நார்வேக்கு வந்தது. நெதர்லாந்தின் ‘யூரோப்பா’ 1911இல் கலங்கரை விளக்கக் கப்பலாகப் பிறந்து, பின்னால் பாய்மரக் கப்பலாக மாற்றப்பட்டது. அண்டார்க்டிகா வரை போகும். ஆஸ்திரேலியாவில் வளரும் பிள்ளைகளுக்கு ‘யங் எண்டெவர்’ இருக்கிறது. 16 முதல் 23 வயதுள்ளவர்கள் விண்ணப்பிக்கலாம், குலுக்கலில் இடம் கிடைக்கும்.

முதல் பயணத்துக்கு நான்கு நாளிலிருந்து ஒரு வாரம் போதும் என்பது என் கருத்து. முதல் இரண்டு நாள் வயிறும் தலையும் சரியாவதற்கே போய்விடும், மூன்றாம் நாள்தான் கப்பல் பிடிக்க ஆரம்பிக்கும். இரண்டு நாள் பயணம் எடுத்தவர்கள் சரியாக அந்த இடத்தில் இறங்கிவிடுகிறார்கள். எடுத்த எடுப்பிலேயே அண்டார்க்டிகாவுக்குப் போவதும் வேண்டாம். அதற்கு முதல் நாளிலிருந்தே உங்கள் கைகள் உதவியாக இருக்க வேண்டும்.

கப்பலைப் பார்த்து வகை சொல்லப் பழகுவது

இதைக் கரையிலேயே படித்துக்கொள்ளலாம். எத்தனை பாய்மரங்கள் என்று முதலில் எண்ணுங்கள். பிறகு, எந்தெந்த மரத்தில் குறுக்குக் கட்டைகள் இருக்கின்றன என்று பாருங்கள். குறுக்குக் கட்டையில் தொங்குவது சதுரப் பாய். மரத்தை ஒட்டி, கப்பலின் நெடுக்கில் நிற்பது நெடும்பாய். மூன்று மரங்களிலும் சதுரப் பாய் இருந்தால் அதுவே முழுக் கப்பல். கிறிஸ்தியன் ராடிக் அந்த வகை. கடைசி மரத்தில் மட்டும் சதுரப் பாய் இல்லை என்றால் ‘பார்க்’. லெம்குல், தரங்கிணி எல்லாம் பார்க். இரண்டே மரம், இரண்டிலும் சதுரம் என்றால் ‘பிரிக்’. எல்லா மரத்திலும் நெடும்பாய்தான் முக்கியம் என்றால் ‘ஸ்கூனர்’. கடைசி மரத்தைப் பார்த்தாலே பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

எந்த வகை என்பதைப் பொறுத்து உங்கள் வேலையும் மாறும். ஸ்கூனரில் பெரும்பாலான வேலை தளத்தில் நின்றே முடியும். சதுரப் பாய்க் கப்பலில் பாயை அவிழ்க்கவும் சுருட்டிக் கட்டவும் யாராவது மேலே போயாக வேண்டும். உயரம் ஒத்துக்கொள்ளாதவர் ஸ்கூனரில் தொடங்குவது நல்லது.

காகிதங்கள்

இந்தப் பகுதி சுவையற்றது, ஆனால் பயணம் கெடுவது பெரும்பாலும் இங்கேதான். இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள், கப்பல் தொடும் ஒவ்வொரு துறைமுகமும் எந்த விசாவின் கீழ் வருகிறது என்று பட்டியல் போட வேண்டும். பெர்கனில் ஏற ஷெங்கன் விசா போதும். கப்பல் ஷெட்லாண்டின் லெர்விக்கைத் தொட்டால் அது பிரிட்டன். அதற்குத் தனி விசா. திரும்ப நார்வேக்குள் வருவதற்கு, பலமுறை நுழைய அனுமதிக்கும் ஷெங்கன் விசாவாக இருக்க வேண்டும். கப்பலின் ஊழியர் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கும், அதனால் விசா தேவைப்படாது என்று யாராவது சொன்னால் அதை எழுத்தில் கேளுங்கள்.

காப்பீட்டு ஒப்பந்தத்தில் உயரத்தில் செய்யும் வேலை விலக்கப்பட்டிருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். உடல்நலப் படிவத்தில் எதையும் மறைக்காதீர்கள். வலிப்பு, இதயநோய், நீரிழிவு இருந்தால் கப்பலுக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்பது நல்லது. கரையிலிருந்து நூறு மைல் தள்ளி ஆம்புலன்ஸ் வராது. மாத்திரைகளை அவற்றின் சொந்த அட்டையோடு, மருத்துவர் கடிதத்தோடு எடுத்துச் செல்லுங்கள். வழக்கமாக எடுக்கும் அளவைவிட ஒரு வாரத்துக்குக் கூடுதலாகவே வைத்துக்கொள்ளுங்கள். கப்பல் எந்த நாள் கரை சேரும் என்று காற்று சொல்லும்; அதனால் திரும்பும் விமானத்தை அன்றே பதிவு செய்யாதீர்கள். ஒரு நாளாவது இடைவெளி வேண்டும்.

பையில் என்ன வைப்பது

சக்கரப் பெட்டி வேண்டாம். அதை வைக்க இடமில்லை, ஆடும் தளத்தில் அது தானாகவே நடமாடத் தொடங்கும். மடக்கி ஓர் இடுக்கில் செருகக்கூடிய துணிப்பைதான் சரி. வடகடலில் ஜூலை இரவும் குளிரும். ஒரே தடித்த கோட்டைவிட, ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக் கழற்றக்கூடிய கம்பளி உடுப்புகள் நல்லவை. ஜீன்ஸ் நனைந்தால் பயணம் முடியும்வரை காயாது, விட்டுவிடுங்கள். மழைக்கோட்டும் கால்சட்டையும் நல்லதாக வாங்குங்கள். காசு செலவழிக்க வேண்டிய ஒரே இடம் இது. விரல் மூடிய, வழுக்காத அடிப்பாகம் உள்ள காலணி இரண்டு ஜோடி. மூக்குக்கண்ணாடிக்கும் தொப்பிக்கும் கட்டுக்கயிறு. சிவப்பு வெளிச்சம் தரும் தலைவிளக்கு ஒன்று. வெள்ளை விளக்கை இரவில் தளத்தில் போட்டால், இருட்டுக்குக் கண் பழகியிருக்கும் அத்தனை பேரும் உங்களைத் திட்டுவார்கள். மோதிரம், காப்பு, கழுத்துச் சங்கிலி வீட்டிலேயே இருக்கட்டும்.

சைவம் என்றால் பதிவு செய்யும்போதே எழுதிவிடுங்கள். எதற்கும் ஒரு சிறிய பிளாஸ்டிக் டப்பாவில் ஊறுகாய். உருளைக்கிழங்கும் மீனுமாக நான்கு நாள் போனபின் அந்த டப்பாவுக்கு உள்ள மரியாதையே தனி. கண்ணாடிச் சீசா வேண்டவே வேண்டாம்.

ஏறிய முதல் நாள்

பெயர் கொடுத்ததும் உங்களை ஏதாவது ஒரு காவல் குழுவில் சேர்ப்பார்கள். பிறகு பாதுகாப்புப் பயிற்சி. உயிர்காப்பு உடை எங்கே, மிதவைப் படகு எங்கே, மணி எப்படி அடித்தால் எங்கே ஓட வேண்டும் என்பதெல்லாம் அப்போதுதான் சொல்வார்கள். புகைப்படம் எடுக்கும் ஆசையில் பலர் அதைக் காதில் வாங்குவதில்லை.

காதில் வாங்க வேண்டியதற்குக் காரணம் உண்டு. மேலே சொன்ன ‘பாமிர்’, வாற்கோதுமைச் சரக்கோடு 1957 செப்டம்பரில் அட்லாண்டிக்கில் ‘கேரி’ சூறாவளியில் மூழ்கியது. இருந்த 86 பேரில் ஆறு பேர்தான் பிழைத்தார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் பயிற்சிக்கு வந்த பையன்கள். 1984இல் பெர்முடாவிலிருந்து ஹாலிஃபாக்ஸுக்குப் போட்டியில் போய்க்கொண்டிருந்த ‘மார்க்கேஸ்’ திடீர்க் காற்றில் சாய்ந்து மூழ்கி, 28 பேரில் 19 பேரை இழந்தது. இன்று கப்பல்களுக்கு உள்ள விதிகளில் பல இப்படிப்பட்ட இழப்புகளுக்குப் பின் கடுமையாக்கப்பட்டவை. கதவை மூடு என்று தளத்தில் ஒருவர் கத்தினால், ஏன் என்று கேட்காமல் மூடுங்கள். கேள்வியைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

தூக்கமும் காவலும்

பெரிய பயிற்சிக் கப்பல்களில் வழக்கமாக மூன்று காவல் குழுக்கள். நான்கு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் ஓய்வு, மறுபடி நான்கு மணி நேரம் வேலை. எட்டிலிருந்து பன்னிரண்டு, பன்னிரண்டிலிருந்து நான்கு, நான்கிலிருந்து எட்டு. பகலிலும் அதே, இரவிலும் அதே. அரைமணிக்கு ஓர் அடி என்று கப்பல் மணி ஒலிக்கும். எட்டு அடி கேட்டால் உங்கள் நேரம் முடிந்தது. காகிதத்தில் எட்டு மணி ஓய்வு தாராளமாகத் தெரியும். அதில் சாப்பாடு, பாத்திரம் கழுவுதல், வகுப்பு எல்லாம் போக ஐந்து மணி நேரம் மிஞ்சினால் அதிர்ஷ்டம். யாராவது எல்லோரையும் பாய் சுருட்டக் கூப்பிட்டுவிட்டால் அதுவும் இல்லை.

நான்கிலிருந்து எட்டு கிடைத்தால் மனத்துக்குள் கொண்டாடுங்கள். விடியலும் அந்தியும் உங்களுடையவை. பன்னிரண்டிலிருந்து நான்குதான் எல்லோரும் அஞ்சும் காவல். அதைச் சமாளிக்க ஒரே வழி, இரவுச் சாப்பாடு முடிந்ததும் பேச்சுக் கச்சேரியில் உட்காராமல் நேராகப் படுக்கப் போவது. இதைச் சொன்னால் யாரும் கேட்பதில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டாம் இரவு, சுக்கானைப் பிடித்தபடி நின்றுகொண்டே கண் அசந்தேன்.

லெம்குல் போன்ற கப்பல்களில் படுக்கை என்பது கித்தான் தூளி. சாப்பிடும் அறையும் வகுப்பறையும் படுக்கையறையும் ஒன்றே. மேசைகளுக்கு மேல் கொக்கிகளில் தூளிகள் வரிசையாகத் தொங்கும். தளர்த்திக் கட்டினால் வாழைப்பழம்போல் வளைந்து முதுகு போய்விடும், இறுக்கிக் கட்டுங்கள். முதலில் உட்காரும் பாகத்தை ஏற்றுங்கள், பிறகு காலை. நேராகப் படுக்காமல் சற்றுக் குறுக்காகப் படுத்தால் முதுகு சமமாகும். தூளி தொங்கியபடி நிற்க, கப்பல்தான் அதைச் சுற்றி ஆடும். குழந்தையில் தூளியில் உறங்கிய நமக்கு இது எளிதில் கைவரும் என்று நினைத்தேன். இல்லை, ஏறும்போது இருமுறை மறுபக்கம் விழுந்தேன்.

அடுத்த காவலுக்கு ஆளை எழுப்பும் வேலையும் உங்களுடையதே. கால் மணி முன்பாக, பெயர் சொல்லி, மெதுவாகத் தோளைத் தொட்டு எழுப்புங்கள். வெளியே மழையா, குளிரா, என்ன உடுக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள். எழுந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பித் தூங்குபவர்கள் உண்டு. கால் தரையில் படும்வரை நகராதீர்கள்.

கயிறு

இங்கேதான் முழுப் பயணமும் இருக்கிறது.

தளத்தின் இரு ஓரங்களிலும், மரங்களின் அடியிலும் துளையிட்ட பலகைகள். ஒவ்வொரு துளையிலும் ஒரு முளை. ஒவ்வொரு முளையிலும் ஒரு கயிறு. எதிலும் பெயர் எழுதியிருக்காது. மேலே அண்ணாந்து பார்த்தால் எல்லாம் ஒரே சிக்கலாகத் தெரியும். ஆனால் அதில் ஓர் ஒழுங்கு உண்டு, அது நூறாண்டுகளுக்கு மேலாக மாறவில்லை. கீழ்ப் பாயின் கயிறுகள் முன்னால், அடுத்த பாயினுடையவை அடுத்து, உச்சிப் பாயினுடையவை பின்னால் என்று மேலே போகப் போகக் கீழே பின்னால் நகரும். வலப்பக்கத்தில் இருப்பதே இடப்பக்கத்திலும் கண்ணாடிபோல இருக்கும். ஒரு பக்கத்தைக் கற்றால் போதும்.

ஒரு சதுரப் பாய்க்கு வேண்டிய கயிறுகளை முதலில் நான்கு வேலையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். குறுக்குக் கட்டையை உயர்த்துவது, பாயின் கீழ்முனைகளை இழுத்து விரிப்பது, அதே முனைகளையும் அடிவிளிம்பையும் மேலே தூக்கிச் சுருக்குவது, கட்டையைக் காற்றுக்கேற்பத் திருப்புவது. இவற்றுக்கு ஆங்கிலப் பெயர்களைத்தான் கப்பலில் கத்துவார்கள். எனக்கு அவை மனத்தில் நிற்கவே இல்லை. என் காவலில் இருந்த ஒருவர் ஓஸ்லோவில் வேலை செய்பவர், பூர்வீகம் வல்வெட்டித்துறை. பாட்டனார் தண்டையலாக, அதாவது கப்பல் தலைவராக இருந்தவராம். குறுக்குக் கட்டை என்றால் பருமல், ஏற்றும் கயிறு ஆஞ்சான், கீழ்முனையை இழுப்பது தாமான் என்று அவர் சொல்லச் சொல்ல, மூன்று சொற்களும் ஒரே காவலில் ஒட்டிக்கொண்டன. ஊரில் பருமலில் தொங்குவது முக்கோணப் பாய், இங்கே நாற்கோணப் பாய், வேலை என்னவோ ஒன்றுதான் என்றார். அவர் ஊரில் கட்டிய இருமரக் கப்பல் ‘அன்னபூரணி’யை அமெரிக்கர் வில்லியம் ராபின்சன் வாங்கித் தன் மனைவியின் பெயரைச் சூட்ட, அது 1938இல் அட்லாண்டிக்கைத் தாண்டி மாசசூசெட்ஸின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்த கதையை, நள்ளிரவில் மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் தூக்கம் வரவில்லை.

கயிற்றைக் கையாளும் முறை இது. இழுக்கும்போது குழுவாக இழுப்பார்கள். ஒருவர் ‘டூ, சிக்ஸ்’ என்று குரல் கொடுக்க, ‘ஹீவ்’ என்று எல்லோரும் சேர்ந்து இழுக்க வேண்டும். நம் ஐலசாவின் வேலையைத்தான் அதுவும் செய்கிறது. கையால் மட்டும் இழுத்தால் பத்து நிமிடத்தில் தோள் போய்விடும்; காலைத் தளத்தில் ஊன்றி, உடம்பின் எடையைப் பின்னால் போடுங்கள். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது. பாய் திடீரென்று காற்றைப் பிடித்தால் கயிறு ஓடும், சுற்றிய கையும் அதோடு ஓடும். அதே காரணத்துக்காகத் தளத்தில் கிடக்கும் கயிற்று வளையத்துக்குள் கால் வைக்காதீர்கள்.

இழுத்து முடிந்ததும் முளையில் கட்ட வேண்டும். முளையின் கீழ்ப்பாகத்தின் பின்புறமாக ஒரு சுற்று, பிறகு மேலும் கீழுமாக எட்டு என்ற எண்ணைப் போட்டதுபோல மூன்று நான்கு முறை. சில கப்பல்களில் கடைசியில் முடிச்சு போடுவார்கள், சிலவற்றில் கூடவே கூடாது என்பார்கள். கயிறு, பாய் வேலைகளுக்குப் பொறுப்பானவர் போசன்; உங்கள் கப்பலின் போசன் சொல்வதே வேதம். மிச்சக் கயிற்றை வலஞ்சுழியாக வளையமாக்கி முளையில் தொங்கவிடுங்கள். இடஞ்சுழியாகச் சுருட்டினால் கயிறு முறுக்கிக்கொண்டு, அவசரத்தில் ஓடாமல் சிக்கும்.

இழுப்பதைவிட விடுவதுதான் ஆபத்து. எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். இரவு இரண்டு மணி, லேசான மழை, தாமானைத் தளர்த்தச் சொன்னார்கள். முளையிலிருந்த எட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். கடைசிச் சுற்றையும் கழற்றிவிட்டேன். அந்த ஒரு சுற்றை விட்டுவைத்திருந்தால் முளையே பாரத்தைத் தாங்கியிருக்கும். நான் கயிற்றை அங்குலம் அங்குலமாக விட்டிருப்பேன். அதற்குப் பதில் முழுப் பாயின் இழுப்பும் என் இரண்டு உள்ளங்கைகளுக்கு வந்தது. இரண்டு விநாடிதான். கயிறு சுட்டது, நெருப்பைப் பிடித்ததுபோல. பின்னால் நின்ற போசன் என்னைத் தோளால் இடித்துத் தள்ளி, கயிற்றை முளையில் ஒரே வீச்சில் சுற்றி நிறுத்தினார். திட்டவில்லை. என் கையை விளக்கில் பார்த்தார், சமையலறைக்குப் போய்க் குளிர்ந்த நீரில் வைத்துக்கொள் என்றார். இரண்டு நாள் என்னால் தேநீர்க் குவளையைப் பிடிக்க முடியவில்லை. விடும்போது கடைசிச் சுற்றை முளையிலேயே வைத்திருங்கள். மேலே ஏறியிருப்பவர்களில் யாராவது அந்தக் கயிற்றைச் சார்ந்து நிற்கிறார்களா என்று முதலில் பாருங்கள். எந்தக் கயிறு என்று சந்தேகம் இருந்தால் கை வைக்காதீர்கள்.

பகலில் ஓய்வு கிடைக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு முளைப்பலகையைத் தடவிப் பழகுங்கள். முன்னாலிருந்து மூன்றாவது முளை என்ன, ஐந்தாவது என்ன என்று நண்பரைக் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். இரவில் தேவைப்படுவது அந்தக் கைப்பழக்கம்தான்.

மேலே ஏறுதல்

ஏறுவதென்று முடிவு செய்தால், பாதுகாப்பு வாரை இன்னொருவரைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். பையைக் காலி செய்யுங்கள். மேலிருந்து விழும் தொலைபேசி கீழே நிற்பவரின் தலையைப் பிளக்கும். மரத்தின் இரு பக்கமும் ஏணிபோல இறங்கும் வடங்களில்தான் ஏற வேண்டும்; எப்போதும் காற்று வரும் பக்கமாகவே ஏறுங்கள். காற்று உங்களை வடத்தோடு ஒட்டி அழுத்தும். மறுபக்கத்தில் ஏறினால் அது உங்களைப் பிய்த்து எடுக்கும். கையால் நெடுக்கு வடங்களைத்தான் பிடிக்க வேண்டும், குறுக்கே உள்ள படிக்கயிறுகளை அல்ல. படிக்கயிறு நைந்திருக்கலாம், நெடுக்கு வடம் மரத்தையே தாங்குவது. கப்பல் உங்கள் பக்கம் சாயும்போது நின்று, எதிர்ப்பக்கம் சாயும்போது ஏறினால் பாதி வேலையைக் கப்பலே செய்யும்.

முதல் மேடைக்குக் கீழே வடங்கள் வெளிப்பக்கமாகச் சாய்ந்திருக்கும். மூன்று நான்கு அடி, முதுகு கடலைப் பார்த்தபடி ஏற வேண்டும். திரும்பிப் போகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் போவார்கள். போகலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். பருமலின் அடியில் ஓடும் மிதிகயிற்றில் கால் வைக்குமுன் உரக்கச் சொல்லிவிட்டு வையுங்கள். அதே கயிற்றில் ஏற்கனவே நிற்பவர்களின் காலடி உங்கள் எடையால் திடுக்கென்று உயரும் அல்லது தாழும். வாரின் கொக்கியைப் பருமலின் மேலுள்ள கம்பியில் மாட்டிய பிறகே இரு கையையும் வேலைக்குக் கொடுங்கள்.

சுக்கானும் குமட்டலும்

சுக்கான் சக்கரத்தில் புதியவர் செய்யும் தவறு ஒன்றே ஒன்று: அதிகமாகத் திருப்புவது. திருப்பியவுடன் கப்பல் அசையாது. பொறுமை இழந்து இன்னும் திருப்புவீர்கள். பிறகு அது தாமதமாக, முழு வேகத்தில் திரும்பும். நீங்கள் எதிர்ப்பக்கம் சுழற்றத் தொடங்குவீர்கள். பின்னால் நுரை பாம்புபோல் நெளியும், கப்பல் முழுவதும் அதைப் பார்க்கும். இரண்டு கம்பி திருப்பிவிட்டுக் காத்திருங்கள். திசைகாட்டி நகரத் தொடங்கியதும், வேண்டிய எண்ணை எட்டும் முன்பே சக்கரத்தைத் திருப்பி எடுங்கள். திசைகாட்டியையே வெறித்துப் பார்க்காமல், முன்னால் ஒரு நட்சத்திரத்தையோ மேகத்தையோ பிடித்துவைத்துக்கொண்டால் கண்ணும் வயிறும் தப்பும்.

வயிற்றைப் பற்றி: மாத்திரையைக் குமட்டல் வந்தபின் போட்டுப் பயனில்லை, கரையை விடும் முன்பே போடுங்கள். அது தூக்கம் வரவழைக்குமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் அதைப் போட்டுக்கொண்டு மேலே ஏறக் கூடாது. கீழே போய்ப் படுத்தால் குறையும் என்று தோன்றும், பெரும்பாலும் கூடும். கப்பலின் நடுப்பகுதியில், தளத்தில், தொடுவானத்தைப் பார்த்து நில்லுங்கள். வெறும் வயிறு இன்னும் மோசம். உலர்ந்த ரொட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடியுங்கள். இஞ்சி மிட்டாய் சிலருக்குக் கேட்கிறது. வாந்தி வந்தே தீரும் என்றால் காற்று போகும் பக்கத்துக்கு ஓடுங்கள். மறுபக்கத்துக்கு ஓடியவர்களுக்கு அந்தப் பாடத்தை இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருக்காது.

காவலில் சுக்கானைத் தவிர கப்பலின் முன்முனையில் நின்று நோட்டம் பார்ப்பது, கப்பலெங்கும் நெருப்புப் பார்க்கச் சுற்றிவருவது, யாராவது கடலில் விழுந்தால் மிதவை எறியப் பின்னால் காத்திருப்பது என்று முறை போட்டு மாறுவார்கள். பின்னால் நிற்பது சலிப்பான வேலை, தூக்கம் அங்கேதான் அதிகம் வரும். உட்காராதீர்கள்.

கரை சேரும் நாள்

துறைமுகம் நெருங்கும்போது எல்லாப் பாய்களையும் ஒரே தடிமனாக, மடிப்பு வெளியே தெரியாமல் சுருட்டிக் கட்டச் சொல்வார்கள். வந்து சேர்ந்ததும் கரையிலிருந்து பார்ப்பவர்கள் அந்தச் சுருட்டலை வைத்துத்தான் கப்பலை மதிப்பார்கள் என்பது பழைய வழக்கம். இந்த வேலைக்கு ஒன்றிரண்டு மணி நேரம் பிடிக்கும். வீட்டுக்குத் தொலைபேசியில் செய்தி அனுப்பும் அவசரத்தில் அதை அரைகுறையாகச் செய்துவிட்டுக் கீழே இறங்கினால், அவிழ்த்து மறுபடி கட்டச் சொல்வார்கள். எங்களுக்குச் சொன்னார்கள்.

இறங்கியபின் ஒன்றிரண்டு நாள் குளியலறைத் தரை ஆடும். கண்ணை மூடித் தலையில் தண்ணீர் ஊற்றும்போது சுவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். காவல் நேரத்துக்கு உடம்பு தானாகவே எழும். கப்பலில் போட்ட உடுப்புகளை மற்றத் துணிகளோடு சேர்த்துத் துவைக்காதீர்கள். பழைய முறையில் பராமரிக்கும் கப்பல்களில் கயிறுகளிலும் வடங்களிலும் தார் தடவியிருக்கும், அது வெள்ளை வேட்டியில் பட்டால் போகாது.